ஈரோஸ் பொறித்த பழங்கால நாணயங்கள்: புதிதாகச் சேகரிப்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

கிரேக்கர்கள் ஈரோஸ் என்றும் ரோமானியர்கள் கியூபிட் என்றும் அழைத்த காதல் கடவுள், நாணயங்களில் பெரும்பாலும் ஓரத்தில்தான் இருப்பான். தாய் வீனஸின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பான், காலடியில் நிற்பான், அவளுடைய தேரை இழுப்பான். அவனே நடுநாயகமாக இருக்கும் நாணயங்கள் குறைவு. அதனால் இந்தச் சேகரிப்பில் நாணயத்தின் ஒட்டுமொத்தத் தரத்தைவிட, ஈரோஸ் இருக்கும் அந்தச் சிறு இடம் எப்படி இருக்கிறது என்பதே முக்கியம். வீனஸின் முகம் பளிச்சென்று இருந்து, தோளருகே வெறும் மேடு மட்டும் தெரிந்தால் அதை விட்டுவிடுங்கள்.

படி 1: கருவிகள்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் தராசு, விட்டம் அளக்க டிஜிட்டல் காலிப்பர், சாய்த்து வைக்கக்கூடிய மேசை விளக்கு. தொடங்க இவை போதும்.

படி 2: அடையாளம் காணுதல்

மன்மதனைப் போல ஈரோஸுக்கும் வில் அம்பு உண்டு. ஆனால் நாணயங்களில் அவை இல்லாமலும் வருவான். சிறகைத் தேடுங்கள். சிறகோடு நீண்ட அங்கி அணிந்து மாலையோ ஓலையோ ஏந்திய பெண் என்றால் அது வெற்றித் தேவதை. டால்ஃபின் மீது சிறகில்லாமல் அமர்ந்திருப்பவன், தெற்கு இத்தாலியின் டாரெண்டம் நகரத்து டாராஸ். விற்பனைப் பட்டியல்களில் இவனை ஈரோஸ் என்று எழுதிவிடுவது உண்டு.

இன்னொரு சிக்கல்: நிகோபோலிஸ் போன்ற பால்கன் பகுதி நகரங்களின் சிறிய செம்பு நாணயங்களில், கால்களைக் குறுக்காக வைத்து, தலைகீழான தீப்பந்தத்தின் மேல் சாய்ந்து நிற்கும் சிறகுள்ள சிறுவன் வருவான். தீப்பந்தம் கவிழ்ந்திருப்பதால் அவனை மரண தேவன் தனாட்டோஸ் என்றும் சொல்வார்கள். இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

படி 3: முதல் நாணயம்

எங்கள் பரிந்துரை, சிரியாவை ஆண்ட செலூசிய வம்சத்து அரசன் ஏழாம் அந்தியோகஸ் (கி.மு. 138–129) வெளியிட்ட வெண்கல நாணயம். முன்பக்கம் முழுவதும் ஈரோஸின் மார்பளவு உருவம், தோளில் சிறகு. பின்பக்கம் எகிப்தியத் தேவி ஐசிஸின் தலையணி, சுற்றிலும் கிரேக்கத்தில் அரசனின் பெயர். விட்டம் சுமார் 18 மி.மீ., எடை சுமார் 5 முதல் 6 கிராம். ஏராளமாகக் கிடைப்பதால் அவசரப்படாமல், முகமும் சிறகும் தெளிவாக உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம்.

இதில் ஆண்டையும் நீங்களே படிக்கலாம். பின்பக்கத்தின் கீழே டெல்டா, ஓமிக்ரான், ரோ என்ற கிரேக்க எழுத்துகள் இருந்தால், அவற்றின் எண் மதிப்பு 4 + 70 + 100 = 174. செலூசிய ஆண்டுக் கணக்கு கி.மு. 312 இலையுதிர்காலத்தில் தொடங்குகிறது. 313இலிருந்து 174ஐக் கழித்தால் 139, அதாவது கி.மு. 139 இலையுதிர்காலம் முதல் 138 வரை. அந்தியோகஸின் ஆட்சித் தொடக்கத்தில் அடித்த காசு அது.

படி 4: வெள்ளி டெனாரியஸ்

டெனாரியஸ் என்பது ரோமானிய வெள்ளிக் காசு. லூசியஸ் ஜூலியஸ் சீசர் என்ற நாணயச்சாலை அதிகாரி (பெயர் பெற்ற சீசர் அல்ல) கி.மு. 103இல் அடித்ததில், இரண்டு கியூபிட்கள் வீனஸின் தேரை இழுக்கிறார்கள். ரோமானியக் குடியரசு நாணயங்களுக்கான கிராஃபோர்டின் பட்டியலில் இதன் எண் 320/1. ஜூலியஸ் குலத்தார் தங்களை வீனஸின் வழித்தோன்றல்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள். அதனால்தான் இந்தக் காட்சி. இரு கியூபிட்களின் தலையும் சிறகும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று லென்ஸில் பாருங்கள்.

பெயர் பெற்ற சீசர் கி.மு. 46–45இல் அடித்த 468/1இல் கியூபிட் மிகச் சிறியவன், வீனஸின் தோளுக்குப் பின்னால் இருக்கிறான். அச்சு சற்று விலகி விழுந்திருந்தால் அவன் நாணயத்துக்கு வெளியே போய்விடுவான். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் இதை வாங்காதீர்கள்.

படி 5: சோதனை

கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, அளவைப் பூஜ்யமாக்குங்கள். உலர்ந்த நிலையில் எடை பார்த்த வெள்ளி நாணயத்தை மெல்லிய நைலான் நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாதபடி முழுதும் மூழ்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் உலர் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 3.85 ÷ 0.37 = 10.4, நல்ல வெள்ளி. 9.1 போல வந்தால், செம்பின் மேல் வெள்ளித் தகடு போர்த்திய பழங்காலப் போலியாக இருக்கலாம். 0.01 கிராம் பிசகினாலே விடை 0.3 வரை மாறும். காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் அடர்த்தி குறைவாகக் காட்டும். ஐந்து முறை அளந்து சராசரி எடுங்கள். செப்டிமியஸ் செவரஸ் காலம் முதல் டெனாரியஸில் செம்புக் கலப்பு மிகுதி, ஆகவே அவற்றுக்கு இந்தக் கணக்கு உதவாது.

அடர்த்தி சரியாக இருப்பதால் மட்டும் நாணயம் அசலாகிவிடாது. நவீனப் போலிகளையும் நல்ல வெள்ளியில் செய்கிறார்கள். விளிம்பில் ஒட்டுக்கோடு, பரப்பில் ஊசிமுனைக் குழிகள், சோப்புப் போல மழுங்கிய எழுத்துகள் ஆகியவை வார்த்தெடுத்ததன் அடையாளங்கள். இரண்டு நாணயங்களில் ஒரே கீறல் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டையும் சந்தேகப்படுங்கள்.

படி 6: பாதுகாப்பு

நாணயத்தைத் தேய்க்காதீர்கள், அமிலத்தில் போடாதீர்கள். கெட்டியான கரும்பச்சைக் களிம்பு அதற்குக் கவசம். குச்சியால் தொட்டதும் உதிரும் வெளிர்பச்சைத் தூள் வேறு. அது வெண்கல நோய். மண்ணிலிருந்து ஏறிய குளோரைடு உப்பு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கிறது. தூளை மரக்குச்சியால் நீக்கி, காய்ச்சி வடித்த நீரில் ஊறவையுங்கள். முதல் வாரம் தினமும், பிறகு வாரம் ஒருமுறை என ஒரு மாதம் நீரை மாற்றி, நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல்லுடன் மூடிய பெட்டியில் வைத்துக் கவனியுங்கள். தூள் மீண்டும் வந்தால் திரும்பச் செய்யவேண்டும். பிளாஸ்டிக் வாடை அடிக்கும் மிருதுவான பிவிசி உறைகள் பச்சைப் பிசுக்கை உண்டாக்கும். பிவிசி இல்லாத மைலார் உறை வாங்குங்கள்.

படி 7: பதிவு

எடை, விட்டம், அச்சுத் திசை, விற்றவர், தேதி, முந்தைய ஏலச் சீட்டுகள் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். எங்கிருந்து வந்தது என்ற தாள் இல்லாத நாணயத்தைப் பிறகு விற்பதும் எல்லை தாண்டி அனுப்புவதும் கடினம். அச்சுத் திசைக்கு, முன்பக்கம் நேராக இருக்கும்படி மேலும் கீழும் விரல்களால் பிடித்து, புத்தகத் தாளைப் போலப் பக்கவாட்டில் திருப்புங்கள். பின்பக்க உருவத்தின் தலை கடிகாரத்தில் எந்த மணியைக் காட்டுகிறதோ, அதைக் குறியுங்கள்.