புல்வெட்டி டெக்கில் ஓட்டையா? அடைப்பதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புல்வெட்டியின் டெக்கில், அதாவது பிளேடை மேலிருந்து மூடியிருக்கும் கூட்டில், ஓட்டை விழுந்தால், பலரும் உடனே தேடுவது அதை அடைக்க ஒரு தகட்டுத் துண்டு. ஓட்டை ஏன் விழுந்தது என்று பார்ப்பதே இல்லை. டெக் வெறும் மூடி கிடையாது. தள்ளிக்கொண்டு போகும் புல்வெட்டிகளில் இன்ஜினே அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. சக்கரமும் கைப்பிடியும் அதில்தான் மாட்டியிருக்கின்றன. பிளேடுக்கும் உங்கள் காலுக்கும் நடுவில் இருப்பதும் அந்த ஒரு தகடுதான். 53 செ.மீ. நீளப் பிளேடு நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், அதன் நுனி மணிக்குச் சுமார் 300 கி.மீ. வேகத்தில் போகும். அதில் அடிபடும் கூழாங்கல்லைத் தடுக்கப்போவது நீங்கள் வைக்கும் ஒட்டுதான்.

ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பெட்ரோல் இன்ஜினில் பிளேடைக் கையால் திருப்பினாலே உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கும். ஒரு பொறி கிடைத்தால் இன்ஜின் உதைத்துக் கிளம்பிவிடும். ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி, திரும்பப் போய்த் தொடாதபடி தள்ளிக் கட்டிவையுங்கள். பேட்டரி வண்டி என்றால் பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள். அப்புறம், வசதியான பக்கமாகச் சாய்ப்பது இன்னொரு தவறு. ஏர் ஃபில்டர் கீழ்ப்பக்கம் போனால் இன்ஜின் ஆயில் அதற்குள் இறங்கிவிடும். பெட்ரோலை வடித்துவிட்டு, ஏர் ஃபில்டர் மேலே இருக்கும்படி சாய்த்துவையுங்கள். உட்கார்ந்து ஓட்டும் வண்டியை வெறும் ஜாக்கில் தூக்கி, அடியில் தலையை நுழைக்கவே கூடாது. டெக்கைக் கழற்றி வெளியே இழுத்துப் பாருங்கள்.

அடியில் காய்ந்த புல் அடை அடையாக ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டாமல் பார்ப்பது பார்க்காததற்குச் சமம். ஈரம் தங்கித் தகட்டைத் தின்பது அந்த அடைக்குள்தான். பிரஷர் வாஷரால் அடித்துக் கழுவுவது சுலபம்தான், ஆனால் ஸ்பிண்டில் (பிளேடைச் சுழற்றும் தண்டு) சீலைத் தாண்டித் தண்ணீர் பேரிங்குக்குள் போய்விடும். சுரண்டியும் கம்பி பிரஷும் போதும். சுத்தமானதும், ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தகட்டைத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு ‘டிங்’ என்று கணீரென ஒலிக்கும். துரு தின்ற இடம் வந்ததும் சத்தம் மொத்தையாகிவிடும். அங்கே முனையை வைத்து அழுத்தினால், பெயின்ட் பொருக்கு உடைந்து முனை உள்ளே இறங்கும். கண்ணில் பட்ட ஓட்டை நாணயம் அளவு இருக்கலாம்; உளுத்த இடம் உள்ளங்கை அளவுக்கு விரிந்திருக்கும். அந்த எல்லையைச் சாக்பீஸால் வரைந்துகொள்ளுங்கள். ஒட்டுத் தகடு பிடிக்க வேண்டியது அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கும் கெட்டி இரும்பை.

விரிசல் விஷயம் வேறு. அது துருவால் மட்டும் வருவதில்லை, அதிர்வாலும் வருகிறது. நான் ஒருமுறை ஸ்பிண்டில் பக்கத்தில் இருந்த விரிசலைக் கச்சிதமாக வெல்ட் வைத்து முடித்தேன். சில வாரங்களில் வெல்டை ஒட்டினாற்போலவே புது விரிசல். காரணம், பிளேடு வளைந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு அளவுகோலே போதும். பிளேடின் ஒரு நுனியிலிருந்து கீழே தரைக்கு எவ்வளவு உயரம் என்று அளந்துகொள்ளுங்கள். கையுறை போட்டுக்கொண்டு அரைச் சுற்று திருப்பி, மறுநுனியை அதே இடத்தில் அளந்து பாருங்கள். வித்தியாசம் 3 மி.மீ.க்கு மேல் போனால் பிளேடோ ஸ்பிண்டிலோ வளைந்திருக்கிறது. அதை மாற்றாமல் டெக்கில் கை வைப்பது வீண் வேலை.

விரிசலின் மேலேயே வெல்ட் இழுத்துவிட்டால் அது வெல்டுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். விரிசல் முடியும் இடத்தில் 3 மி.மீ. ஓட்டை ஒன்றை டிரில் செய்தால் அங்கேயே நின்றுவிடும். பிறகு கிரைண்டரால் விரிசலைச் சற்றுக் குடைந்து, இரும்பு பளபளக்கும் வரை சுத்தம் செய்து வெல்ட் வைக்கலாம். மெல்லிய தகடு என்பதால் ஒரே இழுப்பில் போகாதீர்கள், நெளிந்துவிடும். கொஞ்சம் வைத்து, ஆறவிட்டு, அடுத்த துண்டுக்குப் போங்கள். வெல்டிங் மிஷினின் எர்த் கிளாம்ப்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். கரண்ட் பேரிங் வழியாகப் போனால் பேரிங் கெட்டுவிடும். துத்தநாகம் பூசிய தகட்டை ஒட்டுக்கு எடுக்க வேண்டாம், வெல்ட் சூட்டில் அது நச்சுப்புகை விடும். டெக்கில் காந்தம் ஒட்டவில்லை என்றால் அது அலுமினியமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கும். வீட்டு வெல்டிங் மிஷினோடு அதன் பக்கம் போகாதீர்கள்.

வெல்டிங் தெரியாதவர்கள் போல்ட் போட்டே தகடு பிடிக்கலாம், தவறே இல்லை. தகடு டெக்கின் மேல்பக்கம் இருக்கட்டும். போல்ட்டின் உருண்டைத் தலை உள்ளே, நட்டு வெளியே. பலர் இதை மாற்றிப் போடுகிறார்கள். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் பிளேடில் தட்டும், புல்லும் அதில் சிக்கி அடையும். பட்டி, எபாக்ஸி, ஃபைபர் துணி இவற்றையெல்லாம் பளு தாங்காத சின்னத் துளைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்பிண்டில், சக்கரம், இன்ஜின் மாட்டியிருக்கும் இடங்களில் அவை அதிர்வுக்கு நிற்காது. இன்ஜின் போல்ட்டைச் சுற்றியே தகடு உளுத்திருந்தால் ஒட்டுப்போட யோசிக்கவே வேண்டாம், புது டெக்தான்.

துருவின் மேல் நேராகப் பெயின்ட் அடித்தால் சீக்கிரமே பொருக்குவிடும், பிரைமர் கட்டாயம். வேலைக்காகக் கழற்றிய புல் வெளியேறும் வாயின் தடுப்பை மறக்காமல் திரும்ப மாட்டுங்கள். கடைசியாக, ஸ்பார்க் பிளக் ஒயரை மாட்டும் முன்பே பிளேடைக் கையால் முழுச் சுற்று சுற்றி, எங்கும் உரசவில்லையா என்று பாருங்கள். அக்கம்பக்கம் ஆள் இல்லாத இடத்தில் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். நிறுத்தி, ஒயரை மறுபடி கழற்றிவிட்டு, வெல்ட் ஓரங்களையும் நட்டுகளையும் இன்னொரு முறை விரலால் தடவிப் பாருங்கள்.