களியை விழுங்கிப் பழகிய ஊரில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் வாழ்வது

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் களியை எப்படிச் சாப்பிடுவது என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. உருண்டையிலிருந்து ஒரு வாய் பிய்த்து, குழம்பில் புரட்டி, பல்லில் படாமல் விழுங்கிவிடுவோம். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஊர் திரும்புகிறவர் முதலில் விடவேண்டிய பழக்கம் இதுதான். நான் அதில் ஒரு வகையான ஸ்லீவ் சிகிச்சை செய்துகொண்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. எனக்குத் தரப்பட்ட உணவு அட்டவணையில் ஓட்ஸும் சூப்பும் இருந்தனவே தவிர, களி என்ற சொல் இல்லை. ஆறாவது வாரத்தில் ஒரு வாய்க் களியை வழக்கம்போல் விழுங்கினேன். நெஞ்சுக்குழியில் கல் உட்கார்ந்ததுபோல் அடைத்து, வாயெல்லாம் எச்சில் ஊறி, வாந்தி எடுத்த பிறகுதான் அடங்கியது. அந்த அட்டவணையில் விடுபட்டவற்றை நம் ஊர்க்காரர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்பட்டு, மிச்சம் ஒரு குறுகிய குழாயாக நிற்கிறது. மற்றொரு வகையான இரைப்பை பைபாஸ் முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை உருவாக்கி, அதை நேராகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். எதுவாயினும், பிசுபிசுப்பான உணவு மெல்லப்படாமல் உள்ளே போனால் அடைக்கும். முதல் இரண்டு வாரம் நீராகாரம் மட்டும்: வடிகட்டிய பருப்புத் தண்ணீர், மோர், ஆடை நீக்கிய பால். அடுத்த இரண்டு வாரம் மசித்தவை. அதன்பின் அவித்த முட்டை, குழைய வேகவைத்த பருப்பு, முள் நீக்கிய மீன் போன்ற மென்மையானவை. இரண்டு மாதம் கடந்த பிறகே வழக்கமான உணவு. இந்தக் கால அளவு மருத்துவமனைக்கு மருத்துவமனை சற்று மாறும் என்பதால், உங்கள் டாக்டர் எழுதித் தந்த தாளையே பின்பற்றுங்கள். கேழ்வரகை விட்டுவிட வேண்டியதில்லை. முதலில் மோர் கலந்த நீர்த்த கூழாகத் தொடங்கலாம். களிக்கு மூன்று மாதமாவது பொறுத்திருந்து, தளரக் கிண்டி, நெல்லிக்காய் அளவு எடுத்து, மென்று சாப்பிடுங்கள். பார்ப்பவர்கள் சிரித்தாலும் மெல்லுங்கள்.

ஒவ்வொரு வேளையும் இருபது நிமிடமாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நிறைந்துவிட்டது என்பதை வயிறு பழைய விதத்தில் சொல்லாது. சிலருக்கு விக்கல் வரும், சிலருக்கு மூக்கு ஒழுகும், சிலருக்கு நெஞ்சின் நடுவே இறுக்கம் தெரியும். அந்த அறிகுறிக்குப் பிறகு வைக்கும் ஒரு வாய்தான் வாந்தியில் முடிகிறது. சோற்றோடு தண்ணீர் குடிக்கும் பழக்கத்தையும் விட்டு, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்தே குடியுங்கள். ஆனால் நாள் முழுவதுமாக ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் உள்ளே போயாக வேண்டும்; ஒரே மூச்சில் சொம்புத் தண்ணீரைக் கவிழ்க்க இனி முடியாது என்பதால், பாட்டிலைக் கையோடு வைத்துக்கொண்டு வாய்வாயாகக் குடிக்க வேண்டும்.

தட்டில் முதலிடம் புரதத்துக்கு. ஒரு நாளைக்கு குறைந்தது 60 கிராம் என்பது பொதுவான கணக்கு. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் கிடைக்கிறது. நூறு கிராம் கேழ்வரகு மாவிலோ 7 கிராம்தான், அவ்வளவு மாவுக் களி நம் வயிற்றில் இனி ஒரு வேளைக்குக் கொள்ளாது. ஆகவே குழம்புக்குள் கிடக்கும் மொச்சையையும் கோழிக்கறியையும் முதலில் சாப்பிட்டுவிட்டு, இடமிருந்தால் களிக்கோ சோற்றுக்கோ வாருங்கள். நம் வீடுகளில் களிதான் சாப்பாடு, குழம்பு அதற்குத் துணை என்றிருந்த வரிசை தலைகீழாக வேண்டும். எல்லா மாற்றங்களிலும் வீட்டாருக்குப் புரியவைக்க எனக்கு அதிக நாள் பிடித்தது இதுதான்.

மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரிக்காரர் மாம்பழத்தை ஒதுக்குவது நடக்கிற காரியமில்லை. புரதம் சாப்பிட்ட பிறகு இரண்டு துண்டு போதும். சர்க்கரை சேர்த்த மாம்பழச்சாறு வேண்டாம். குறிப்பாக பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு, இனிப்பு வேகமாகக் குடலுக்குள் இறங்கிப் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு எல்லாம் ஒருசேர வரும். மதுவும் முன்னைவிட விரைவாக ரத்தத்தில் ஏறும், அடிமைப்படுத்தும் ஆபத்தும் கூடும், தொடாதீர்கள்.

சத்து மாத்திரைகள் வாழ்நாள் முழுவதற்கும் உரியவை. பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம் ஆகியவற்றை எடை குறைந்துவிட்டது என்று நிறுத்தக் கூடாது. இரும்பு மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் இடையே இரண்டு மணி நேரம் வேண்டும். இரும்பை டீயோடு விழுங்கினால் அது உடலில் சரியாகச் சேராது. கேழ்வரகில் கால்சியம் மிகுதி என்பது உண்மையே ஆனாலும், நாம் சாப்பிடும் அளவுக்கு அது மாத்திரையின் இடத்தை நிரப்பாது. நம் பகுதியின் பல ஆழ்துளைக் கிணறுகளில் ஃப்ளோரைடு அதிகம், அதுவும் எலும்பைத்தான் தாக்கும் என்பதால், குடிப்பதற்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே பயன்படுத்துங்கள்.

சிகிச்சை பெங்களூரிலோ சேலத்திலோ நடந்திருக்கலாம். உடம்புக்கு முடியாத நாளில் நாம் போவது பக்கத்துக் கிளினிக்குக்கு. அங்கே நம் வயிற்றின் கதை யாருக்கும் தெரியாது. எந்த முறை, எந்தத் தேதி, என்னென்ன மாத்திரைகள் என்று எழுதிய தாளொன்றைப் பர்ஸில் வைத்திருங்கள். மூட்டு வலிக்கோ முதுகு வலிக்கோ சாதாரணமாகப் போடும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவை, பைபாஸ் செய்தவர்களுக்கு முக்கியமாக, இணைப்பு இடத்தில் புண் உண்டாக்கும், பாரசிட்டமால் கேளுங்கள். நாள்கணக்கில் வாந்தி தொடர்ந்தால் தயமின் என்னும் பி1 சத்து வற்றிவிடும். அந்த நிலையில் தயமின் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளையே பாதிக்கப்படக்கூடும் என்பதால், அந்த ஒரு வரியைத் தாளில் பெரிதாக எழுதுங்கள். காய்ச்சல், கடுமையான வயிற்றுவலி, அடங்காத படபடப்பு, மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்குதல் ஆகியவற்றுக்கு விடியும்வரை காத்திராமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் பழைய அளவையே தொடர்ந்தால் மயங்கி விழ நேரலாம். அளவைக் குறைக்க வேண்டுமா என்று முதல் வாரத்திலேயே டாக்டரிடம் கேளுங்கள்.

மூன்றாம் மாதம் முதல் பலருக்கு முடி கொட்டும். பெரும்பாலோர்க்கு ஓராண்டுக்குள் திரும்ப வளரும். பெண்கள் குறைந்தது ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும் என்பதால் கருத்தடை முறையை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பேச்சும் ஒரு சுமை. நம் பக்கம் இளைத்தவரை நோயாளியாகவே பார்ப்பார்கள். "ஏன் கண்ணு, இப்படிக் கரைஞ்சு போயிட்ட, சக்கரையா?" என்று என் பெரியத்தை கேட்டபோது, பொய் சொல்லத் தோன்றியது. உண்மையைச் சொன்னேன், அடுத்த கறிவிருந்தில் எனக்கு முன்னால் சின்னத் தட்டை வைத்து, "அவனை வற்புறுத்தாதீங்க" என்று மற்றவர்களைத் தடுத்தவர் அவரே. விருந்துக்கு முன்பே ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லி வைப்பது, இலையில் மறுத்துக்கொண்டே இருப்பதைவிட எளிது.

முதல் ஆண்டு ரத்தப் பரிசோதனைகளை டாக்டர் சொன்ன தவணைகளிலும், பிறகு ஆண்டுக்கொருமுறையும் செய்யுங்கள். இரண்டாம் ஆண்டில் பசி மெல்லத் திரும்பும்; அப்போது கறியும் முட்டையும் சீக்கிரம் வயிற்றை அடைத்துவிட, மிக்சரும் முறுக்கும் டீயோடு கரைந்து தடையின்றி இறங்கும். எனக்கு நான்கு கிலோ ஏறியது அந்த மாலை நேரத்துத் தட்டினால்தான். இப்போது அந்த வேளைக்கு வேகவைத்த நிலக்கடலையை எடுத்து வைத்து, மாதத்தின் முதல் ஞாயிறு ஒரே எடைமேடையில் ஏறிப் பார்க்கிறேன்.