250 ஓமுக்கு ஒரு சின்னப் பெட்டி

தள்ளுபடியில் வாங்கிய 250 ஓம் (மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு) ஹெட்போன் முதல் நாளே ஏமாற்றியது. மடிக்கணினியில் ஒலியளவை நூற்றுக்கு வைத்தும் கச்சேரிப் பதிவு பக்கத்து வீட்டில் நடப்பதுபோல்தான் கேட்டது. தாழ், உயர் ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் தாழ்சுரங்களை ஏற்றினேன். மிருதங்கத்தில் தாழ்ந்த ஒலி தரும் பக்கமான தொப்பி கரகரத்தது. ஹெட்போன்தான் கோளாறு என்று திருப்பி அனுப்பவும் துணிந்துவிட்டேன்.

பிறகுதான் கணக்குப் போட்டேன். ஒரு வோல்ட் கொடுக்கும் சாதனம் 250 ஓமுக்குள் செலுத்துவது 4 மில்லிவாட் மட்டுமே. இரண்டு வோல்ட் கொடுத்தால் 16. அதாவது 6 டெசிபல் கூடுதல். ஒலிச் சமிக்ஞையைப் பெருக்கும் பழைய ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஒன்றை மலிவாக வாங்கி இடையில் இணைத்தேன், ஈக்வலைசரை அணைத்தேன். தொப்பியின் கும்காரம் தெளிவாக இறங்கியது. தனி ஆவர்த்தனத்தின் உச்சத்திலும் ஒலி சிதறவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம். சத்தம் கூடினாலே காது 'நன்றாக இருக்கிறது' என்றுதானே சொல்லும்? மடிக்கணினியில் நேரடியாகவும் பெட்டி வழியாகவும், சத்தத்தை ஒரே அளவுக்குக் குறைத்து, மாற்றி மாற்றிக் கேட்டேன். பாடகரின் குரலில் வித்தியாசமே தெரியவில்லை! பெட்டி தந்தது புதிய நாதமல்ல, மூச்சுவிட இடம்.

அதே பெட்டியில் 32 ஓம் இயர்போனைச் செருகியபோது 'உஸ்ஸ்' என்ற இரைச்சல் வந்தது. பெருக்கத்தின் அளவை மாற்றும் கெயின் சுவிட்சைத் தாழ்வில் வைத்ததும் அடங்கியது. அந்த இயர்போனுக்கு மடிக்கணினியே போதும்.