மாசியில் படித்தது ஆனியில் கைகொடுக்க: காற்றாலைப் பணியாளர் பயிற்சிக்கு ஒரு வழிமுறை

நெல்லை மாவட்டத்தின் பணகுடி, ராதாபுரம் வட்டாரக் காற்றாலைகளில் புது ஆட்களுக்குச் சாவகாசமாகச் சொல்லிக்கொடுக்கக் கிடைப்பது மாசி, பங்குனிதான். ஆனி, ஆடியில் காத்து பிடித்துவிட்டால் ஓடுகிற மெஷினை ஓட வைக்கவே ஆள் போதாது. ஆக, மார்ச்சில் படித்தது ஜூனில் கைக்கு வர வேண்டும். ஒரே நாளில் உட்காரவைத்து ஸ்லைடு ஸ்லைடாகக் காட்டினால் அது வராது.

வர வைப்பது, திரும்பத் திரும்பச் சொல்வதல்ல. திரும்பத் திரும்பக் கேள்வி கேட்பது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் செய்த சோதனையில், பாடத்தை நான்கு முறை படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவிருந்தது. ஒரு முறை படித்து, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். ஆனால் படித்த ஐந்தே நிமிடத்தில் சோதித்தபோது, படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். வகுப்பு முடிந்த கையோடு வைக்கும் தேர்வின் மதிப்பெண்ணை நம்பக் கூடாது என்பது இதனால்தான்.

முதலில் வேலைகளை இரண்டாகப் பிரியுங்கள். ஏணியில் ஏறும்போதும் மின்சாரத்தைத் துண்டிக்கும்போதும் தாளைப் பார்க்க முடியாது. அவை மனதில் இருக்க வேண்டும். போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற டார்க் அளவு, பழுது வந்தால் மெஷின் எப்போதாவது காட்டும் ஃபால்ட் கோடு (பழுதுக் குறியீடு) போன்றவற்றை மனப்பாடம் செய்யச் சொல்வது வீண். அவற்றை லேமினேட் செய்து பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். வெளியே ஒட்டினால் வெயிலில் வெளுத்துவிடும். கியூஆர் கோடு வைப்பதானால், மேலே சிக்னல் கிடைக்காத இடம் உண்டு; வீடியோவைப் போனில் முன்கூட்டியே இறக்கி வைக்கச் சொல்லுங்கள்.

மனதில் நிற்க வேண்டியவற்றுக்குத்தான் கேள்விகள். கேள்வி எழுதுவதில்தான் முழு வேலையும் இருக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்து, யாரும் திரும்பப் போடாதபடி பூட்டுவதுதான் லாக்அவுட். ‘லாக்அவுட் என்றால் என்ன?’ என்று கேட்டுப் பயனில்லை. இப்படிக் கேளுங்கள்: ‘பிரேக்கரை ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, டேக் மாட்டியாயிற்று. மீட்டரை வைத்தால் சைபர் காட்டுகிறது. கையை வைக்கலாமா?’ பலர் ‘வைக்கலாம்’ என்பார்கள். மீட்டரே பழுதாகியிருந்தாலும், அதன் லீடு வயர் அறுந்திருந்தாலும் சைபர்தானே காட்டும்! மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் மீட்டரைச் சோதித்து, பிறகு துண்டித்த இடத்தில் வைத்து, மறுபடி முதல் இடத்தில் சோதித்த பின்தான் அந்த சைபரை நம்பலாம். கன்வெர்ட்டர் என்றால், அதன் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் இறங்க மேனுவலில் சொன்ன நேரம் முழுவதும் காத்திருக்கவும் வேண்டும். தவறாகச் சொன்னவருக்கு இந்தக் காரணத்தை அங்கேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமலே விட்டால் தப்பான பதிலே பதிந்துபோகலாம்.

இடைவெளி: வகுப்புக்கு மறுநாள், ஒரு வாரம் கழித்து, அதன்பின் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் நான்கைந்து கேள்வி போதும். இரண்டாம் சுற்றில் பாதிப் பேர் திணறுவார்கள். பயிற்சி தோற்றுவிட்டது என்று பொருளல்ல. மறக்கத் தொடங்கும் நேரத்தில் யோசித்து எடுப்பதுதான் ஆழமாகப் பதிகிறது.

கருவிக்குப் பெரிய செலவு வேண்டாம். கூகுள் ஃபார்மை வினாடி வினாவாக மாற்றி, ஒவ்வொரு கேள்விக்கும் தவறாகச் சொன்னால் காட்டும் விளக்கத்தைச் சேர்த்து, வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்டில் அனுப்புங்கள். உங்கள் நம்பரைச் சேமித்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும். முதல் நாளே சேமிக்கச் செய்யுங்கள். குரூப்பில் போல் (வாக்கெடுப்பு) வைக்காதீர்கள்: முதல் ஆள் தொட்டதையே மற்றவர்களும் தொடுவார்கள். நான்கு விடைகளில் குத்துமதிப்பாக ஒன்றைத் தட்டிவிடலாம் என்பதால், பாதுகாப்புக் கேள்விகளுக்கு வாய்ஸ் மெசேஜில் பதில் வாங்குங்கள். தமிழில் டைப் செய்யத் தயங்குபவர்களும் தாராளமாகப் பேசுவார்கள்.

வேலை தொடங்குமுன் கூடும் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் ‘என்னல, இதுகூடத் தெரியலையா?’ என்று ஒருவரைக் கேட்டுவிட்டால், அதன்பின் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மதிப்பெண்ணைச் சம்பளத்தோடும் இன்கிரிமென்டோடும் முடிச்சுப் போடவே கூடாது. போட்டால் விடை கைமாறும். யாருக்கு எது தெரியவில்லை என்பது உங்களுக்குத் தெரியாமலே போகும்.

ஐடிஐ முடித்து வந்த பையனுக்கு முதலில் முழு வேலையையும் செய்து காட்டுங்கள். அடுத்த முறை கடைசிப் படியை அவனிடம் விடுங்கள், அப்புறம் கடைசி இரண்டை. பத்து வருஷம் ஏறி இறங்கிய அண்ணனுக்கு இது சலிப்புத் தட்டும். அவருக்கு நேரே ஃபால்ட்டைக் கொடுத்துக் காரணம் கேளுங்கள்.

மே மாதம் ஒவ்வொருவரும் வேலை செய்வதை செக்லிஸ்ட்டோடு பக்கத்தில் நின்று பாருங்கள். ஃபார்மில் சரியாகச் சொல்லிவிட்டு மீட்டரைச் சோதிக்காமல் கை வைப்பவர் இருந்தால், மீட்டரைச் சோதிக்க மின்சாரம் உறுதியாக உள்ள இடம் அருகில் இருக்கிறதா, அவர் பையில் மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். வசதி இல்லாத குறையைப் பயிற்சி தீர்க்காது. காத்து தொடங்கியபின் புதுப் பாடம் வேண்டாம். அந்த சீசனில் திரும்பத் திரும்ப வந்த ஃபால்ட்டுகளைத் தேதியோடு குறித்து வையுங்கள். அடுத்த மாசிக்கான கேள்விகள் அவற்றிலிருந்தே கிடைக்கும்.