அப்பப்பாவின் படத்தோடு கொழும்புக்கு வருகிறவர்களுக்கு

போன ஓகஸ்டில் என் மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணரின் மகள் லண்டனிலிருந்து வந்தாள். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் படியேறின கையோடு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் ஃபோனை நீட்டினாள். ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கேற்றடியில் நாலு இளந்தாரிகள், வெள்ளைக் காற்சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரின தலை. ஒருவரின் கையில் ரெனிஸ் மட்டை.

"மாமா, மட்டையோட நிக்கிறவர்தான் அப்பப்பா. கொழும்பில எங்களுக்கு வீடு இருந்ததாம். அந்த வீட்டைக் கண்டுபிடிக்கலாமா?"

மூன்று நாள் எடுத்தது. முதல் இரண்டு நாளும் வீண். எப்படி வீணானது என்று சொல்லிவிட்டால் இனி வருகிறவர்களுக்கு உதவும்.

முதல் நாள் 33ஆம் லேனில் தொடங்கி ஒவ்வொரு லேனாக இறங்கி, ஃபோனில் உள்ள கேற்றையும் நேரில் உள்ள கேற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். ஓடு போட்ட வீடுகள் நின்ற இடமெல்லாம் தொடர்மாடி. முன்பு கடற்கரைப் பக்கம் போனால் லேன் முடிகிற இடத்தில் தண்டவாளமும் கடலும்தான். இப்போது தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் மெரைன் டிரைவ் ஓடுகிறது. நெசவாலை நின்ற காணியில் ஹவ்லொக் சிற்றி. கட்டடத்தைக் கட்டடத்தோடு ஒப்பிட்டு வெள்ளவத்தையில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டாம் நாள் தேசிய சுவடிக்கூடத்துக்குப் போனோம். அங்கே அரசாங்கத்தின் கடதாசிகள் இருக்கும், பழைய பத்திரிகைகள் இருக்கும். உங்கள் அப்பப்பா இருக்க மாட்டார்.

கொழும்புத் தமிழரின் வீட்டுப் படங்கள் பெரும்பாலும் கொழும்பில் இல்லை என்பதை முதலில் மனதில் எடுங்கள். 1958இலும் பிறகு 1983 ஜூலையிலும் தமிழருக்கு எதிராக நடந்த கலவரங்களில் வீடுகளோடு அல்பங்களும் எரிந்தன. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமிலும் இரத்மலானையிலும் இருந்து கப்பலேறி வடக்கே காங்கேசன்துறைக்குப் போனவர்கள் உடுத்த உடுப்போடு போனவர்கள். தப்பின படம் என்றால், ஊரிலுள்ள ஆச்சிக்கு முன்பே தபாலில் அனுப்பியதாக இருக்கும், அல்லது அதற்கு முதலே சீமைக்குப் போனவரின் பெட்டிக்குள் இருந்ததாக இருக்கும். ஆகவே படம் கனடாவில் ஸ்காபரோவிலும் லண்டனில் ஹரோவிலும் கிடக்கிறது. அதில் நிற்கிறவர்களை அடையாளம் சொல்லக்கூடிய கிழவியோ வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் முழங்கால் வலியோடு இருக்கிறா. நீங்கள் வந்து செய்ய வேண்டியது இந்த இரண்டையும் சந்திக்க வைப்பதுதான்.

அதனால் வேலை வெளிக்கிட முதலே தொடங்குகிறது. அல்பத்தை எடுத்து மேசையில் விரித்து, படங்களைப் பின்பக்கமும் சேர்த்து ஸ்கான் பண்ணுங்கள். 600 டீபீஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும். பின்பக்கம்தான் முக்கியம்: ஸ்டூடியோ முத்திரை, நெகட்டிவ் இலக்கம், பென்சிலில் ஒரு திகதி, "அன்புள்ள அக்காவுக்கு" என்று ஒரு வரி. 70களில் வந்த ஒட்டும் தாள் அல்பமென்றால் படத்தை இழுத்துப் பிய்க்காதீர்கள். பல்லிடுக்குத் துப்பரவாக்கும் நூலைப் படத்துக்குக் கீழே விட்டு மெல்ல அறுத்தால் வரும். அசல் வீட்டிலேயே இருக்கட்டும். கொழும்பு ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்க அதிக நாள் வேண்டாம், இராமபாணப் பூச்சிக்கும் கடதாசி என்றால் விருந்து.

இன்னுமொன்று: யார் சொன்னாலும் லமினேட் பண்ணாதீர்கள். என் அம்மாவின் கலியாணப் படத்தைப் பிரதி எடுக்க ஒரு கடையில் கொடுத்தேன். கடைப்பொடியன் நல்ல மனதோடு, காசும் வாங்காமல், அசலையே லமினேட் பண்ணித் தந்தான். அந்தக் காலப் படங்களின் ஓரத்தில் இருக்கிற ரம்பப்பல் வெட்டு அளவுக்கு மீறித் துருத்தித் தெரிந்ததாம், அதையும் நேராக நறுக்கிவிட்டிருந்தான். சூடுபட்ட இடத்தில் அம்மாவின் முகம் இப்போதும் ஒரு பக்கம் பளபளக்கிறது.

ஃபோனில் காட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம். வயதானவர்கள் ஃபோனைக் கையில் எடுத்தால் விரல் பட்டு அடுத்த படத்துக்குப் போய்விடும், பிறகு பேரப்பிள்ளையின் பிறந்தநாள் கேக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடதாசியில், ஏ4 அளவில், பெரிதாக்கிப் பிரதி எடுத்து வாருங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு.

அடுத்தது படத்தின் காலத்தைக் கணிப்பது. முகத்தை விட்டுவிட்டுச் சுற்றவரப் பாருங்கள். றோட்டில் ட்ராம் தண்டவாளம் தெரிந்தால் 1960க்கு முந்தியது; கோட்டையிலிருந்து பொரளைக்கும் கிராண்ட்பாஸுக்கும் ஓடினது. தலைக்கு மேலே இரட்டைக் கம்பியும் அதில் தொங்குகிற பஸ்ஸும் என்றால் 1953க்கும் 1964க்கும் இடையில் ஓடின ட்ரொலி பஸ். பஸ்ஸில் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் அடையாளம் இருந்தால் 1958க்குப் பிந்தியது. அதற்கு முதல் தனியார் கம்பனிகளின் பெயர்தான் இருக்கும். காரின் இலக்கத் தகடு இன்னும் நல்ல சாட்சி. ஆங்கில எழுத்து மட்டும் என்றால் பழசு. 50களின் பிற்பாதியில் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. அந்த ஒரு எழுத்துக்காக எத்தனை தார் வாளி, எத்தனை அடிதடி என்பது வேறு கதை. கலர்ப் படம் செம்மஞ்சளாகிப் போயிருந்தால் பயப்பட வேண்டாம், அந்தக் காலத்துக் கடதாசியில் நீலச் சாயம் முதலில் மங்கும். ஸ்கான் பண்ணினால் பாதியாவது மீட்கலாம்.

இனி றோட்டுப் பெயர்கள். அப்பா சொன்ன பெயரை ஓட்டோக்காரத் தம்பியிடம் சொன்னால் அவர் முழிப்பார். குயின் ஸ்ட்ரீட் இப்போது ஜனாதிபதி மாவத்தை. டரட் றோட் தர்மபால மாவத்தை. புல்லர்ஸ் றோட் பௌத்தாலோக மாவத்தை. பார்சன்ஸ் றோட், சினிமாக் கம்பனி தொடங்கின சிற்றம்பலம் கார்டினரின் பெயரில் இருக்கிறது. கிறீன் பாத் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. வெள்ளவத்தை ஹை ஸ்ட்ரீட் டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை. கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிற 57ஆம் லேன் உருத்திரா மாவத்தை. சங்கத்தின் நூலகத்தில் ஒரு பின்னேரம் இருந்து பாருங்கள். வாசிப்பதைவிட அங்கே பத்திரிகை பார்க்க வருகிற ஐயாமாரோடு கதைப்பதில் கூடக் கிடைக்கும்.

வீட்டுப் படம் இல்லாதவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை கோட்டைக்குப் போய்வரலாம். வெள்ளவத்தையிலிருந்து கரையோர ரயிலில் ஏறி இடது பக்கம் இருந்தால் கடலோடு போகலாம். திரும்பி வரும்போது வலது பக்கம். ஜனாதிபதி மாவத்தையும் சதாம் வீதியும் சந்திக்கிற இடத்தில் நிற்கிற மணிக்கூட்டுக் கோபுரம் ஒரு காலத்தில் வெளிச்சவீடு. சுற்றிக் கட்டடங்கள் உயர்ந்து வெளிச்சத்தை மறைத்ததால் 1952இல் விளக்கை நிறுத்தினார்கள். அதைப் பின்னால் வைத்து எடுத்த படம் அநேகமாக எல்லா அல்பத்திலும் ஒன்று இருக்கும். பக்கத்தில் கார்கில்ஸின் சிவப்புக் கட்டடம். புறக்கோட்டைக்கு நடந்தால், பார்சிக் குடும்பம் ஒன்று 1923இல் கட்டின கான் மணிக்கூட்டுக் கோபுரம்; இரண்டாம் குறுக்குத் தெருவில் சம்மாங்கோட்டுப் பள்ளி, 1909இல் கட்டி முடித்தது, சிவப்பும் வெள்ளையுமாக இன்னும் அப்படியே. அங்கிருந்து செட்டியார் தெரு. பழைய கதிரேசன், புதிய கதிரேசன் கோயில்கள் இரண்டும் இந்தத் தெருவில்தான். ஆடிவேல் திருவிழாத் தேர் இங்கிருந்து புறப்பட்டுப் பம்பலப்பிட்டிக்குப் போகும். 1983க்குப் பிறகு பல வருசம் தேர் ஓடவில்லை. ஞாயிறில் நகைக்கடைகள் பூட்டு என்பதால் வீட்டில் எதிர்ப்பு வரலாம். படம் எடுக்க ஞாயிறுதான் நல்லது, மற்ற நாளில் மூட்டை சுமக்கிற நாட்டாமிகளின் தள்ளுவண்டிக்கு வழிவிடவே நேரம் போய்விடும்.

பழைய படத்தைப் பிடித்து அதே இடத்தில் புதுப் படம் எடுக்க ஆசையென்றால் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குப் போங்கள். பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எடுப்பித்த கோயில். சீமெந்துச் சுவருக்கு வருசா வருசம் நிறம் மாறும், கருங்கல் தூண் மாறாது. உள்ளே எடுக்க முதல் ஐயரைக் கேளுங்கள். காலிமுகத்திடல் அப்படியில்லை. ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் முடித்த அந்த நடைபாதையை, கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் பின்வரும் ஆளுநர்கள் பேண வேண்டும் என்று கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். கல் இருக்கிறது. பழைய படத்தில் அம்மா கடலைப் பார்த்துக்கொண்டு நின்ற திசையில் வடக்குப் பக்கம் இப்போது 269 ஹெக்டயர் புதுநிலம், துறைமுக நகரம். துறைமுக வாசலிலும் படையினர் நிற்கிற இடங்களிலும் கேட்காமல் கமெராவைத் தூக்க வேண்டாம்.

அஞ்சலட்டைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்கீன், ஸ்கோவன், 1890இல் தொடங்கின பிளேட்டே போன்றோர் எடுத்த பழைய கொழும்புப் படங்கள் அழகானவை, வாங்கலாம். ஆனால் கவனித்துப் பாருங்கள்: அவற்றில் தெருவுக்குப் பெயர் இருக்கும், கட்டடத்துக்குப் பெயர் இருக்கும், ரிக்‌ஷா இழுக்கிறவருக்குப் பெயர் இருக்காது. 'தமிழ்ப் பெண்' என்று போட்டிருக்கும், அவ்வளவுதான். நம் வீட்டு அல்பத்தில் ஆட்களின் பெயர் தெரியும், இடத்தின் பெயர்தான் தெரியாது.

வீடு தெரிந்துவிட்டது, தட்டப் போகிறீர்கள் என்றால், காணிக்கு வரவில்லை என்பதை முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டு உடுப்போடு ஒருவர் பழைய படத்தைக் காட்டினால் உள்ளே இருக்கிறவருக்கு உறுதிப் பத்திரம்தான் ஞாபகம் வரும். சிங்களக் குடும்பம் என்றால், "அப்பே சீயா இஸ்ஸர மெஹே ஹிட்டியா" என்று சொல்லுங்கள், 'எங்கள் தாத்தா முந்தி இங்கே இருந்தவர்' என்று அர்த்தம். "போட்டோ எக்கக் கன்ன புளுவந்த?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். அநேகமான இடத்தில் பிளேன்ரீ வரும். ஒரு வீட்டில் எங்களை நாய்தான் வரவேற்றது, அதையும் எதிர்பாருங்கள்.

சுவடிக்கூடத்துக்குப் போகத்தான் வேண்டுமென்றால் கடவுச்சீட்டைக் கொண்டு போங்கள், போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளில் போகாதீர்கள், பெயரும் வருசமும் தெரியாமல் போகாதீர்கள். 1930இல் தொடங்கின வீரகேசரியையும் 1932இல் வந்த தினகரனையும் திகதி இல்லாமல் புரட்டினால் விடுமுறை முடிந்துவிடும். அதற்கு முதல் இணையத்தில் 'நூலகம்' என்ற தளத்தைப் பாருங்கள். பள்ளிக்கூட மலர்கள், கோயில் மலர்கள், இறந்தவரின் நினைவாக அச்சடிக்கிற முப்பத்தோராம் நாள் கல்வெட்டுப் புத்தகங்கள் என்று அங்கே நிறைய ஏற்றியிருக்கிறார்கள். கல்வெட்டை யாரும் ஆவணமாக நினைப்பதில்லை. ஆனால் பிறந்த ஊர், செய்த உத்தியோகம், மச்சான் மைத்துனன் வரைக்கும் எல்லாம் அதில் இருக்கும், படத்தோடு.

மூன்றாம் நாள் பக்கத்து லேன் மாமியிடம் போனோம். எண்பத்தைந்து வயது. பெரியவர்களிடம் போனவுடன் படத்தை நீட்டக் கூடாது, கேள்வித்தாள் மாதிரிக் கேட்கவும் கூடாது. எந்த ஊர், ஆற்ர பிள்ளை என்பதெல்லாம் முடியட்டும். எண்பத்து மூன்றை நீங்களாக எடுக்க வேண்டாம், சொல்ல நினைத்தால் அவர்களே சொல்வார்கள். ஃபோனில் குரல் பதிவைப் போட்டு, போட்டிருப்பதைச் சொல்லி, மேசையில் கவிழ்த்து வையுங்கள்.

மாமி கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தா. முகங்களைப் பார்க்கவில்லை.

"இது வீடில்லைப் பிள்ளை. சம்மறி."

லண்டன் பிள்ளைக்கு விளங்கவில்லை. கந்தோர்களில் கிளறிக்கலில், அதாவது எழுதுவினைஞர் வேலையில், இருந்த ஊர்ப் பொடியள் நாலைந்து பேர் சேர்ந்து வீடெடுத்து, ஒரு சமையற்காரரை வைத்துச் சாப்பிட்டு, மாதமுடிவில் கணக்குப் பார்ப்பது சம்மறி. ஊருக்குப் போக வெள்ளிக்கிழமை இரவு மெயில் ரயில், பிறகு 1956இல் வந்த யாழ்தேவி ரயில், திங்கள் காலை திரும்பக் கந்தோர். அப்பப்பாவுக்குக் கொழும்பில் வீடு இருக்கவில்லை. ஒரு வீட்டில் நாலில் ஒரு பங்கு இருந்தது. அவள் முகம் கொஞ்சம் வாடியது உண்மை. பிறகு மற்ற மூவரும் யார், எந்த ஊர் என்று துருவித் துருவிக் கேட்கத் தொடங்கினாள். மாமிக்கு இரண்டு பேரைத் தெரிந்திருந்தது.

"மாமிக்கு எப்படித் தெரியும்?"

"நாங்கள் பக்கத்து வளவு. இஞ்ச பார், மட்டையின்ர பிடியில துணி சுத்திக் கிடக்கு. அது எங்கட அண்ணற்ர மட்டை. படம் எடுக்க எண்டு இரவல் வாங்கிக்கொண்டு போனவை. ஒருத்தருக்கும் விளையாடத் தெரியாது."

இரண்டு பிரதி கொண்டு வரச் சொன்னேனே, அவள் கொண்டு வந்தது ஒன்றுதான். வெளிக்கிடும்போது மாமி அதைத் திருப்பித் தரவில்லை, மடியில் வைத்தபடியே இருந்தா.

"இது இஞ்ச கிடக்கட்டும் பிள்ளை. எங்கட வீட்டுப் படமெல்லாம் எண்பத்து மூண்டில போட்டுது. அண்ணற்ர படம் ஒண்டுமில்லை. மட்டையாவது கிடக்கட்டும்."