படத்தை முதலில் காட்டாதீர்கள்: பழைய தெரு நினைவுகளைச் சேர்ப்பவர்களுக்கு

போன மாதம் பினாங்கின் லெபு பாசாரில் ஒரு தேநீர்க்கடையின் அஞ்சடியில், அதாவது கடைக்கு முன்னால் கூரையடியில் ஓடும் நடைபாதையில், உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் கல்லூரிப் பிள்ளைகள் இருவர், எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல பிள்ளைகள். பெரியவருக்குத் தே தாரிக் வாங்கிக் கொடுத்திருந்தார்கள், நோட்டுப் புத்தகம் திறந்திருந்தது, கைப்பேசியில் ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு பிள்ளை ஐபேடை அவர் முன்னால் நீட்டி, "தாத்தா, இந்தப் படத்தப் பாருங்க, இது பழைய பினாங்கு ரோடுதானே?" என்று கேட்டது.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. எழுந்துபோய்த் தடுக்கலாமா என்று நினைத்தேன். பெரியவர் முன்னால் அந்தப் பிள்ளைகளைக் குறைசொல்ல மனம் வரவில்லை. அவர்கள் கிளம்பும்போது கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் பேசினேன். நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

பினாங்குத் தலைநகர் ஜார்ஜ்டவுனின் பழைய தெருக்களைப் பற்றியும் இடிந்துபோன கட்டடங்களைப் பற்றியும் தமிழ்ப் பெரியவர்கள் சொல்வதைப் பதினைந்து வருடமாகக் கேட்டு எழுதி வருகிறேன். பேச அனுமதி கேளுங்கள், பேட்டரி பாருங்கள், காற்றாடிக்கு நேர்கீழே உட்கார்ந்து பதிவு செய்யாதீர்கள் என்பதெல்லாம் இரண்டாவது நாளே உங்களுக்குப் பிடிபட்டுவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். அடிக்கடி நடக்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

முதலில் படத்தைக் காட்டுவது

கொம்தார் கோபுரம் நிற்கும் இடத்தை ஒட்டி முன்பு மெகசின் சர்க்கஸ் என்ற பெரிய வட்டம் இருந்தது. பினாங்கு ரோடு, மெக்கலிஸ்டர் ரோடு, டத்தோ கிராமாட் ரோடு, பிரிக் கில்ன் ரோடு, மெகசின் ரோடு, கிளாட்ஸ்டன் ரோடு என்று ஆறு சடக்குகள் அங்கே வந்து கூடின. மலாய்க்காரர்கள் சிம்பாங் அனாம் என்பார்கள். 1974ல் கொம்தாருக்குப் பைலிங் போடத் தொடங்கினார்கள். 65 மாடிக் கோபுரம் 1986ல் முடிந்தது. மற்றச் சடக்குகள் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கின்றன. கிளாட்ஸ்டன் ரோடு மட்டும் அந்த வேலையில் அடியோடு போய்விட்டது.

நான் முதன்முதலில் கேட்கப் போனது அந்தத் தெருவைப் பற்றித்தான். கையில் ஒரே ஒரு படம் இருந்தது. நகலுக்கு நகல் எடுத்தது. பெரிதாக அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுபோனேன். வட்டத்திலிருந்து தெருவுக்குள் நுழைகிற இடம். ஒரு பக்கம் வரிசையாகக் கடைவீடுகள், மறுபக்கம் நீளமான மதில், ஒரு விளக்குக் கம்பம், அதனடியில் இரண்டு ரிக்சா.

முதல் பெரியவர் சிறுவயதில் அப்பாவோடு அந்தப் பக்கம் பால் ஊற்றப் போனவர். படத்தை நீட்டியதும் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இதேதான் தம்பி, இதேதான்" என்றார். முகம் அப்படி மலர்ந்தது. இடப்பக்கம் கடைவீடுகள், கம்பத்தடியில் எப்போதும் ரிக்சா நிற்கும், எதிரே மதில் என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். வீட்டுக்கு வந்து எழுதும்போது, அவர் சொன்னதில் பாதிக்கு மேல் படத்திலேயே இருக்கிறது என்பதை நான் கவனிக்கவில்லை. படத்துக்கு அவர் சாட்சி சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்து இன்னும் இருவர். மூவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். மூவரும் இடப்பக்கம் என்றே சொன்னார்கள். மூன்று வாய்ச்சொல் ஒத்துப்போனால் வேறென்ன வேண்டும்? அப்படியே எழுதி, வரைபடமும் போட்டு, ஒரு சின்னக் கண்காட்சிக்குக் கொடுத்தேன்.

மறுவருடம் ஆயர் ஈத்தாமில் ஒரு பாட்டியைப் பார்க்கப் போனேன். சர்க்கரை நோயில் பார்வை போனவர். அவரிடம் படத்தைக் காட்ட வழியில்லை. என்ன கேட்பதென்று தெரியாமல், "பாட்டி, நீங்க டத்தோ கிராமாட்லேருந்து வட்டத்துக்கு வந்துட்டீங்க. கிளாட்ஸ்டன் ரோட்டுக்குள்ள நுழையுறீங்க. அப்புறம்?" என்றேன். பாட்டி நடக்கத் தொடங்கினார். அதை வேறெப்படிச் சொல்வது? உட்கார்ந்த இடத்திலேயே நடந்தார்.

"மொதல்ல கரி வாசன வரும். பத்தடி போனா சீனர் கடையில காப்பிக்கொட்ட வறுப்பாங்க. சோத்துக்கைப் பக்கம் பூரா அஞ்சடிதான், மழ பெஞ்சா அதுக்குள்ளயே நடந்துருவேன். அந்தப் பக்கம் ஒதுங்க எடமே கிடையாது."

சோத்துக்கை என்றால் வலக்கை. "கடைங்க இடப்பக்கம்தானே பாட்டி?" என்று கேட்டேன். "மழைக்கு ஒதுங்குனவ நானு தம்பி" என்றார். அவ்வளவுதான் பதில்.

அன்றிரவு பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தைப் பார்த்தேன். ஒரு கடைப் பலகையில் ஆங்கில எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. எல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பியிருந்தன. யாரோ, எப்போதோ, நெகட்டிவைப் புரட்டி வைத்து அச்சிட்டிருக்கிறார்கள். படத்தில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறிக் கிடந்தது. அந்தத் தெருவை அறிந்த மூன்று பெரியவர்கள் என்னிடம் ஒப்பித்தது அந்தப் புரட்டல் படத்தை.

அவர்கள்மேல் எந்தக் குற்றமும் இல்லை. அறுபது வருடத்துக்கு முந்தைய நினைவு கலங்கலான தண்ணீர் மாதிரி. அதன்மேல் பளிச்சென்று ஒரு படத்தை வைத்தால் கண் படத்தைத்தான் பார்க்கும். போதாததற்கு, நம் பெரியவர்கள் வீடு தேடி வந்தவரை மறுத்துப் பேச மாட்டார்கள். அச்சில் இருப்பதை எதிர்த்துச் சொல்லக் கூசுவார்கள். "படிச்ச பிள்ள கொண்டாந்திருக்கு, சரியாத்தான் இருக்கும்" என்று தங்கள் நினைவை ஒதுக்கி வைத்துவிடுவார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய படங்கள் பெரும்பாலும் பெரிய சடக்கில் நின்று முன்பக்கம் பார்த்து எடுத்தவை. நம் ஆட்கள் பலருக்கு அந்தக் கட்டடங்களின் முன்பக்கமே பழக்கமில்லை. பால் ஊற்றிய பெரியவரின் மனைவி பிறகு சொன்னார்: "அவரு முன்வாசல் பக்கம் போனதே கிடையாது தம்பி. பால்காரனுக்குப் பின்சந்துதான்." எந்த வீட்டில் நாய், எந்த வீட்டுக்காரி பாத்திரத்தைக் கழுவாமல் நீட்டுவாள், எந்தப் பின்கதவு கீழே அரித்துப்போயிருந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். மறுபடி போய்ப் பின்சந்தைப் பற்றிக் கேட்டேன். இரண்டு வாக்கியம் சொன்னார். அப்புறம், "அந்தப் படத்த எடுங்க தம்பி, அதுல பாத்துச் சொல்றேன்" என்றார்.

அந்தத் தெருவின் பின்பக்கத்தை அவர் யாரிடமும் சொல்லாமல் அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார். இன்னொருவரும் இப்போது இல்லை. மூன்றாமவர் இன்றைக்கும் இடப்பக்கம் என்றே சொல்கிறார். பேரப்பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

சரி, என்ன செய்வது? முதல் நாள் வெறுங்கையோடு போங்கள். அவருடைய பழைய வீட்டு வாசலில் அவரை நிறுத்துங்கள். எந்தப் பக்கம் திரும்புவீர்கள், காலில் செருப்பு இருந்ததா, எங்கே சடக்கைக் கடப்பீர்கள், எங்கே வாசனை மாறும் என்று கேளுங்கள். வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுங்கள். வரையத் தயங்குகிறவர்களுக்குத் தீப்பெட்டிகள் போதும். ஒரு தீப்பெட்டி ஒரு கடை. மேசையில் தெரு எழும்பிவிடும். அதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பழைய படத்தை இரண்டாவது சந்திப்பில் காட்டலாம். காட்டுவதற்கு முன்னால் சொன்னதையும் பின்னால் சொன்னதையும் நோட்டில் தனித்தனியாக எழுதுங்கள், எந்தப் படம் என்பதையும் குறியுங்கள். அதற்கும் முன்னால் பலகை எழுத்து நேராக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

ஆல்பத்திலிருந்து படத்தைப் பிரித்தெடுப்பது

கூடாது. பக்கத்தோடு அப்படியே படமெடுங்கள்.

தெருப் பெயரைத் திருத்தி எழுதுவது

பெரியவர் பிட் ஸ்ட்ரீட் என்று சொன்னால் பிட் ஸ்ட்ரீட் என்றே எழுதுங்கள். இன்று அது ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்பதைத் தனியாகக் குறித்துக்கொண்டால் போதும். அவர் வாயில் வராத பெயரை அவர் பேச்சுக்குள் புகுத்தினால், அவர் எந்தக் காலத்தைச் சொல்கிறார் என்ற தடயமே அழிந்துவிடும்.

இதில் தொடர்ந்து நடக்கும் குழப்பம் பினாங்கு ரோடும் பினாங்கு ஸ்ட்ரீட்டும். மலாயில் சொன்னால் ஜாலான் பினாங்கு வேறு, லெபு பினாங்கு வேறு. முதலாவதில் சௌரஸ்தா பசார் இருக்கிறது. இரண்டாவது லிட்டில் இந்தியாவுக்குள் போகிறது. செட்டியார்கள் பெட்டியடியில் உட்கார்ந்து வட்டித் தொழில் செய்த கிட்டங்கிகள் இருந்தது அங்கே. தமிழாக்குகிறேன் என்று இரண்டையும் "பினாங்குத் தெரு" என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு முதியவரின் கிட்டங்கி நினைவை யாரோ சௌரஸ்தா பசாருக்கு எதிரில் கொண்டுபோய் வைத்திருந்ததை நானே பார்த்தேன். தமிழ்ப்பற்று நல்லதுதான். இந்த இடத்தில் ரோடு என்றும் ஸ்ட்ரீட் என்றும் விடுவதுதான் சரி.

"எந்த வருஷம் தாத்தா?"

இப்படிக் கேட்டால் ஏதாவது ஒரு எண் வரும், உங்களைத் திருப்திப்படுத்துவதற்காக. எண்ணைக் கேட்காமல் சம்பவத்தைக் கேளுங்கள். ஜப்பான்காரன் குண்டு போட்டதற்கு முன்னாலா பின்னாலா? 1941 டிசம்பர் 11ஆம் தேதிக் குண்டுவீச்சை அனுபவித்தவர் அதை மறந்திருக்க மாட்டார். டிராம் ஓடியதா, கம்பியில் மாட்டி ஓடும் டிராலி பஸ்ஸா? மின்சார டிராம் 1906லிருந்து 1936 வரை ஓடியது. டிராலி பஸ் 1925ல் வந்து 1961ல் நின்றது. பட்டர்வொர்த்துக்குப் போக ஃபெர்ரி மட்டும்தானா, பாலம் வந்துவிட்டதா? பாலம் 1985.

எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு: "பழைய வெள்ளி 85 காசாப் போன சமயம் அந்தக் கடை இருந்துச்சா?" 1967 நவம்பரில் பவுண்டு மதிப்பு இறங்கியபோது, பழைய டாலர் நோட்டு வைத்திருந்தவர்களுக்கு ஒவ்வொரு வெள்ளியிலும் 15 காசு போனது. பினாங்கில் கடையடைப்பு நடந்து கலவரமாக முடிந்தது. தலையணைக்கடியில் காசு சேர்த்து வைத்திருந்த யாருக்கும் அந்த மாதம் மறக்காது. ஒரு அத்தை தன் அம்மா எண்ணி எண்ணி அழுத தொகையைச் சொல்லிவிட்டு, அழுத வீடு எந்தக் கடைக்கு மேலே இருந்தது என்பதையும் சொன்னார். நான் கேட்ட கடை அதுதான்.

தாத்தாவிடம் மட்டும் கேட்பது

பாட்டி அடுப்படியிலிருந்து திருத்திக்கொண்டிருப்பார். ஒலிவாங்கியை அங்கே கொண்டுபோங்கள்.

தெருவிலேயே தேடுவது

கட்டடம் நிற்கிறதே, ஆட்களும் அங்கேயே இருப்பார்கள் என்று நம்பி அலைகிறார்கள். ஜார்ஜ்டவுனில் 1948க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. அதனால்தான் ஒரே கடைவீட்டில் மூன்று தலைமுறை குறைந்த வாடகைக்கு இருக்க முடிந்தது. 1997ல் அதை நீக்கச் சட்டம் கொண்டுவந்து, 1999 கடைசி வரை அவகாசம் கொடுத்தார்கள். 2000 ஜனவரி முதல் வாடகை வீட்டுக்காரர் கையில். பலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். 2008ல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தபோது, கட்டடங்களை அறிந்தவர்களில் எத்தனையோ பேர் ஏற்கெனவே அங்கே இல்லை.

எனவே தெருவைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் ஆயர் ஈத்தாம், குளுகோர் அடுக்குமாடிகளுக்கும் அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமுக்கும் போங்கள். குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் 1833ல் எழும்பியது. இடம்மாறிப் போனவர்கள் இன்றும் அங்கே வருகிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் வாசலில் நின்றால் நான்கு பழைய தெருக்காரர்களைச் சந்திக்கலாம்.

"அடுத்த தீபாவளிக்குப் பார்க்கலாம்"

இந்த வாரமே போங்கள்.

முரண்பட்டால் ஒன்றை அடித்துவிடுவது

அக்கா தங்கை இருவர், ஒரே கடைவீட்டில் பிறந்தவர்கள். மாடிக்கு ஏறும் கதவு பச்சை என்றார் அக்கா. நீலம் என்றார் தங்கை. எனக்கு முன்னால் அங்கே போன ஒருவர், பெரியவர் சொல்வதே சரியாக இருக்கும் என்று நீலத்தை விட்டுவிட்டிருந்தார். நான் இருவரிடமும் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டேன். அக்கா புருஷன் வீட்டுக்குப் போனபின் தங்கை இன்னும் ஒன்பது வருடம் அதே வீட்டில் இருந்திருக்கிறார். தன் கல்யாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடித்ததும், அப்பா துறைமுகத்திலிருந்து மிச்சப் பெயிண்ட் கொண்டுவந்ததும் அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. துறைமுகத்தில் படகுக்கு அடிக்கிற நீலம். அக்காவுக்கு அது தெரியாது, அவர் குழந்தை பெற்று ஈப்போவில் இருந்தார்.

என் நோட்டில் பச்சை ஒரு வரி, நீலம் அடுத்த வரி. நடுவே இரண்டு கல்யாணத் தேதிகள்.