விண்டோவைப் பிடித்து அச்சிடுவதில் எங்கே தவறுகிறது?

திரையில் தெரியும் ஒரு விண்டோவைக் கட்டளை வரியிலிருந்தே அச்சிடுவது யுனிக்ஸ், லினக்ஸ் உலகில் பழைய வேலை. அங்கே திரையில் விண்டோக்களை வரைந்து காட்டும் எக்ஸ் விண்டோ அமைப்பில் இதற்கென்றே எக்ஸ்டிபிஆர் என்றொரு கட்டளை உண்டு. அதை இயக்கி, வேண்டிய விண்டோ மேல் ஒரு கிளிக் செய்தால் தாள் வெளியே வரவேண்டும். உள்ளே பார்த்தால் அது சொந்தமாக எதையும் செய்வதில்லை. படத்தைப் பிடிப்பது எக்ஸ்டபிள்யூடி, அதைப் பிரிண்டருக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றுவது எக்ஸ்பிஆர், அச்சு வரிசையில் சேர்ப்பது எல்பி அல்லது எல்பிஆர். இவற்றைக் கோத்த ஒரு சின்ன ஸ்கிரிப்ட்தான் எக்ஸ்டிபிஆர். இன்று இம்போர்ட், கிரிம், ஸ்கிரீன்கேப்சர் என்று வேறு கருவிகளுக்குப் போய்விட்டவர்களுக்கும் பிடிப்பது, மாற்றுவது, அனுப்புவது என்ற இந்த மூன்று கட்டங்கள் அப்படியேதான் இருக்கின்றன.

தாள் கறுப்பாகவோ காலியாகவோ வந்தால் முதலில் திட்டு வாங்குவது பிரிண்டர். பெரும்பாலும் பாவம், அதன் மேல் தப்பே இருக்காது. மூன்று கட்டங்களையும், ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு நேரே ஊட்டும் ஒரே பைப்பில் கோத்து, நடுவில் என்ன வந்தது என்று பாராமல் அனுப்புவதுதான் தலையாய தவறு. படத்தை முதலில் கோப்பாகச் சேமித்துத் திறந்து பாருங்கள். எக்ஸ்டபிள்யூடி சேமித்ததைக் காட்ட எக்ஸ்டபிள்யூயூடி என்ற துணைக் கட்டளை இருக்கிறது. படம் சரியாக இருந்தால் அந்தக் கோப்பின் பெயரையே எக்ஸ்டிபிஆருக்குக் கொடுக்கலாம், மறுபடி கிளிக் செய்யச் சொல்லாது. இன்னொன்று: எக்ஸ்டபிள்யூடிக்கு அவுட் ஆப்ஷனோடு கோப்புப் பெயர் தராவிட்டால், பிடித்த பைட்டுகளை அப்படியே டெர்மினலில் கொட்டிவிடும். கொட்டிவிட்டால் ரீசெட் என்று தட்டுங்கள், டெர்மினல் பழைய நிலைக்கு வரும்.

பிடிக்கும்போது

கிளிக் செய்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து விண்டோவை நகர்த்திவிடுகிறார்கள். எக்ஸ்டபிள்யூடி தொடங்கும்போது ஒரு முறையும் முடிந்தபின் இரண்டு முறையும் மணி அடிக்கும். இன்றைய கணினிகளில் அந்த ஒலி அணைக்கப்பட்டிருப்பதே வழக்கம் என்பதால், டெர்மினலில் அடுத்த வரி தோன்றும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பது நல்லது.

மினிமைஸ் செய்து வைத்த விண்டோவைப் பிடிக்க முடியாது. எக்ஸ் சர்வர் பேட்மேட்ச் என்ற பிழையைத் தரும். வேறு விண்டோவால் மறைக்கப்பட்ட பகுதியும் சிக்கல்தான். விண்டோக்களைச் சேர்த்துத் திரையில் காட்டும் கம்போசிட்டர் என்ற நிரல் ஓடும் டெஸ்க்டாப்பில் ஒவ்வொரு விண்டோவும் தனியாக நினைவகத்தில் வரையப்படுவதால் மறைந்த பகுதியும் முழுதாக வரும். கம்போசிட்டர் இல்லாத எளிய அமைப்புகளில் அந்த இடத்தில் என்ன இருக்கும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. பிடிக்கும் முன் விண்டோவை மேலே கொண்டுவந்துவிட்டால் இந்தக் கவலை வேண்டாம்.

திறந்திருக்கும் மெனுவோடு சேர்த்து அச்சிட நினைப்பவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். கிளிக் செய்யப் போனால் மெனு மூடிக்கொள்ளும். எக்ஸ் ஒவ்வொரு விண்டோவுக்கும் தரும் எண்ணைக் கொடுத்துப் பிடித்தால் விண்டோ மட்டும் வரும், மெனு வராது. ஏனென்றால் எக்ஸ் அமைப்பில் மெனு என்பது தனி விண்டோ. முதலில் எக்ஸ்வின்இன்ஃபோவை இயக்கி விண்டோவின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்லீப் 5 போட்டு, அதன் பின்னால் அந்த எண்ணையும் ஸ்கிரீன் ஆப்ஷனையும் சேர்த்து எக்ஸ்டபிள்யூடியை எழுதுங்கள். அந்த ஐந்து விநாடியில் மெனுவைத் திறந்துவிட வேண்டும். ஸ்கிரீன் ஆப்ஷன் விண்டோ இருக்கும் பகுதியைத் திரையிலிருந்தே எடுப்பதால், மேலே விரிந்த மெனுவும் படத்தில் விழும். தலைப்புப் பட்டையும் ஓரங்களும் வேண்டுமென்றால், எண்ணைக் கேட்டு எக்ஸ்வின்இன்ஃபோவை இயக்கும்போதே ஃப்ரேம் ஆப்ஷனைச் சேர்க்க மறக்காதீர்கள்.

ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் எண்ணுக்குப் பதில் தலைப்பைக் கொடுப்பதும் உண்டு. பிரவுசரில் டேப் மாறினாலே தலைப்பு மாறிவிடும், ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். எண்ணும் நிரந்தரமில்லை, நிரலை மூடித் திறந்தால் புது எண் வரும். அதனால் ஒவ்வொரு முறையும் தேடி எடுப்பதே வழி.

இப்போது, எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலேண்ட். நோம், கேடிஇ என்ற டெஸ்க்டாப் சூழல்கள் இரண்டிலும் பல லினக்ஸ் பதிப்புகள் வேலேண்டுக்கு மாறிவிட்டன. அங்கே எக்ஸ்டபிள்யூடிக்குத் தெரிவது எக்ஸ்வேலேண்ட் வழியாக ஓடும் பழைய நிரல்கள் மட்டுமே. முழுத் திரையைக் கேட்டால் வெறும் கறுப்புப் படம் வரும். அந்தக் கறுப்பை அச்சிட்டுவிட்டு டோனர் கசிகிறது என்று பிரிண்டரைக் கழற்றுவது வீண் வேலை. ஸ்வே போன்றவற்றில் கிரிமும் ஸ்லர்ப்பும், கேடிஇயில் ஸ்பெக்டக்கிளும், நோமில் அதன் சொந்த ஸ்கிரீன்ஷாட் கருவியும்தான் சரி. மேக்கில் ஸ்கிரீன்கேப்சர் கட்டளை இருக்கிறது. 2019இல் வந்த கேட்டலீனா பதிப்பு முதல், டெர்மினலுக்குத் திரைப்பதிவு அனுமதி தராவிட்டால் மற்ற நிரல்களின் விண்டோக்கள் படத்தில் இருக்காது, வால்பேப்பர் மட்டும் மிஞ்சும். மேக் விண்டோவைச் சுற்றி விழும் நிழல் தாளில் சாம்பல் கறையாகத் தெரியும். சிறிய எழுத்து ஓ ஆப்ஷன் அந்த நிழலை நீக்கிவிடும்.

தொலைவிலிருந்து இணைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக வேறு கணினிக்குள் நுழைந்து எக்ஸ்டபிள்யூடியை இயக்குபவர்களுக்கு ஒரு குழப்பம் காத்திருக்கிறது. அங்குள்ள நிரல்களின் விண்டோக்களை உங்கள் திரையில் காட்டும் எக்ஸ் ஃபார்வர்டிங் இயங்கினால், கட்டளை ஓடுவது அங்கே, பிடிக்கப்படுவது உங்கள் முன்னால் இருக்கும் திரை. அந்தக் கணினியின் திரையே வேண்டுமென்றால் டிஸ்ப்ளே மாறியை அங்குள்ள திரைக்குத் திருப்ப வேண்டும். எக்ஸ்அத்தாரிட்டி மாறியும் அங்கே உள்நுழைந்திருக்கும் பயனரின் அனுமதிக் கோப்பைக் காட்ட வேண்டும். குறித்த நேரத்தில் தானே ஓடும்படி கிரானில் போட்ட வேலை திரையைத் திறக்க முடியவில்லை என்று அழுவதற்கும் இதே இரண்டு மாறிகள்தான் காரணம்.

தாளுக்கு ஏற்றபடி மாற்றும்போது

அச்சில் எழுத்து படிக்க முடியவில்லை என்பதுதான் அதிகம் கேட்கும் புகார். பலர் உடனே, அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று சொல்லும் டிபிஐ எண்ணை 300 என்று மாற்றுகிறார்கள். அந்த எண் படத்தில் ஒரு பிக்சலைக்கூடக் கூட்டாது. 1920 பிக்சல் அகலப் படத்தின் அச்சு அகலம் 6.4 அங்குலம் என்று சொல்லும், அவ்வளவுதான். கணக்கை வேறு பக்கத்திலிருந்து போட வேண்டும். ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலம், ஓரம் போக ஏறத்தாழ 8 அங்குலம் கிடைக்கும். முழுத்திரை விண்டோவின் 1920 பிக்சல்களை அதில் அடைத்தால் அங்குலத்துக்கு 240 பிக்சல். பிரவுசரில் வழக்கமான 16 பிக்சல் எழுத்து தாளில் 4.8 பாயின்ட்டாகச் சுருங்கிவிடும். மருந்துச் சீட்டில்கூட அவ்வளவு பொடி எழுத்து வேண்டாம். அதே விண்டோவை 1000 பிக்சல் அகலத்துக்குக் குறுக்கிப் பிடித்தால் எழுத்து 9 பாயின்ட்டுக்குச் சற்று மேலே வரும், வசதியாகப் படிக்கலாம். அதாவது திருத்தத்தைப் பிடிக்கும் முன்னாலேயே செய்துவிட வேண்டும். விண்டோவைக் குறுக்குங்கள், நிரலுக்குள் எழுத்தைப் பெரிதாக்குங்கள். பிடித்தபின் படத்தை மூன்று மடங்கு பெரிதாக்கினால் மங்கல்தான் மூன்று மடங்காகும்.

எக்ஸ்பிஆரைப் பயன்படுத்தினால் வண்ணம் கறுப்பு வெள்ளையாகத் தட்டையாகிவிடுவது பலருக்கு அதிர்ச்சி தரும். கிரே ஆப்ஷனுக்கு 2, 3, 4 இல் ஒன்றைக் கொடுத்தால் சாம்பல் நிறச் சாயல்கள் கிடைக்கும். ஆனால் அது ஒவ்வொரு பிக்சலையும் புள்ளிக் கட்டமாக மாற்றுவதால் படம் அத்தனை மடங்கு பெரிதாகும். வண்ணம் முக்கியமென்றால் எக்ஸ்பிஆரை விட்டுவிட்டு, பிஎன்ஜியாக மாற்றி அனுப்புவதே என் தேர்வு. ஜேபெக் வேண்டாம். புகைப்படத்துக்கு ஏற்ற அந்தச் சுருக்கமுறை எழுத்தின் ஓரங்களில் அழுக்குப் பூசும், காகிதத்தில் அது இன்னும் நன்றாகத் தெரியும்.

டெபியன், உபுண்டுவில் இமேஜ்மேஜிக் என்ற படக் கருவித் தொகுப்பைக் கொண்டு படத்தைப் பிடிஎஃப் ஆக்கப்போனால் அனுமதி இல்லை என்ற பிழை வரலாம். பிடிஎஃப் வேலைக்கு அது நம்பும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் நிரலில் பாதுகாப்புக் குறைகள் வெளிவந்த 2018இல் பூட்டப்பட்ட கதவு அது. அதற்காக, அந்தத் தடை எழுதப்பட்டிருக்கும் பாலிசி கோப்பைத் திருத்தத் தேவையில்லை. ஐஎம்ஜி2பிடிஎஃப் (img2pdf) என்ற கருவி படத்தைத் தரம் குறையாமல் பிடிஎஃபுக்குள் வைத்துத் தரும்.

இமேஜ்மேஜிக்கின் இம்போர்ட் கட்டளையால் வரும் ஒரு வேடிக்கையும் உண்டு. முதல் வரியில் பைத்தான் என்று குறிப்பிடாத பைத்தான் ஸ்கிரிப்ட்டை ஷெல்லில் நேரே ஓட்டினால், அதன் இம்போர்ட் வரிகளை ஷெல் இந்தக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். சுட்டி கூட்டல் குறியாக மாறும், எங்கோ கிளிக் செய்தால் மாட்யூல் பெயரில் ஒரு படக்கோப்பு முளைத்திருக்கும்.

கறுப்புப் பின்னணி விண்டோவை அப்படியே அச்சிட்டால் டோனர் கரையும், தாள் சுருளும். எக்ஸ்பிஆரில் ஆர்வி ஆப்ஷன் கறுப்பு வெள்ளையை மாற்றிப் போடும். வண்ணப் படத்தைத் தலைகீழாக்கினால் சிவப்புப் பிழைச்செய்தி நீலப்பச்சையாகிவிடும் என்பதால் அங்கே இந்த உத்தி உதவாது. நிரலையே வெளிர் தீமுக்கு மாற்றிவிட்டுப் பிடியுங்கள். உங்களுக்குத் தேவை டெர்மினலில் உள்ள எழுத்துகள் மட்டுமென்றால் படமே எதற்கு? வெளியீட்டை நேரே எல்பிக்கு அனுப்பினால் கூர்மையான எழுத்தாகவே அச்சாகும்.

அனுப்பும்போது

எல்பிஆரில் பெரிய எழுத்து பி என்றால் பிரிண்டரின் பெயர். எல்பியில் அதே பி பக்க எண்களைக் குறிக்கும், பிரிண்டருக்குச் சிறிய எழுத்து டி. இரண்டையும் மாற்றிப் போட்டால் தாள் இயல்புநிலைப் பிரிண்டரைத் தேடிப் போகும், இல்லையென்றால் கட்டளை பிழை தரும். அனுப்பும் முன் எல்பிஸ்டாட் கொண்டு இயல்புநிலை எது என்று பார்த்துவிடுங்கள். அச்சு வரவில்லை என்று ரா ஆப்ஷனைச் சேர்ப்பது ஆபத்து. அது வடிவ மாற்றத்தையே தவிர்த்துவிடும், பிரிண்டர் பைட்டுகளை எழுத்தாக நினைத்துத் தாள் தாளாகக் குப்பை அடிக்கலாம். ஃபிட் டு பேஜ் சேர்ப்பதும் தாள் அளவை ஏ4 என்று சொல்லிவிடுவதும் போதும்.

முழுத் திரையையும் பிடித்து அனுப்பும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். மூலையில் எட்டிப்பார்த்த அறிவிப்பும் அடுத்த விண்டோவின் அஞ்சலும் சேர்ந்தே அச்சாகும். தாளைக் கிழித்துப் போட்டாலும் முடியாது. அச்சு வரிசையைக் கவனிக்கும் கப்ஸ் என்ற மென்பொருள் தன் இயல்பு அமைப்பில், அச்சிட்ட வேலையின் கோப்பை 86,400 விநாடி, அதாவது ஒரு முழு நாள், அச்சு வேலைகளுக்கான ஸ்பூல் அடைவில் வைத்திருக்கும். பலர் பயன்படுத்தும் சர்வரில் வேலை எண்ணைக் கொடுத்து, கேன்சல் கட்டளையுடன் சிறிய எழுத்து எக்ஸ் ஆப்ஷனையும் சேர்த்தால் அந்தக் கோப்பும் நீங்கிவிடும்.